பதினொன்றாம் வகுப்புக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றலாமா?

கேள்வி: என் மகன் தண்டையார்பேட்டையில் மாநகராட்சிப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து, பத்தாம் வகுப்பில் 421 மதிப்பெண் பெற்றிருக்கிறான். கணவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மகனுக்குப் பொறியியல் படிக்க ஆசை. தெரிந்தவர் ஒருவர், அதற்குப் பதினொன்றாம் வகுப்பிலேயே நுழைவுத்தேர்வுப் பயிற்சியும் தரும் தனியார் பள்ளிக்கு மாற்ற வேண்டும், இடம் நானே வாங்கித் தருகிறேன் என்று சொல்லி 5,000 ரூபாய் முன்பணமும் மதிப்பெண் பட்டியலும் வாங்கிச் சென்றிருக்கிறார். அப்படியே பதினொன்றில் மாறி, இப்போது பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் அக்கா மகளோ, "நான் செய்த தப்பைத் தம்பியைச் செய்ய வைக்காதீங்க சித்தி" என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் அக்கா மகள் சொல்வதைக் கேளுங்கள், அம்மா. முன்பணம் வாங்கிச் சென்றவருக்கு உங்கள் மகனைப் பள்ளியில் சேர்த்தால் கமிஷன் கிடைக்கும். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே மனிதர் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம், அதாவது அரசுக் கலந்தாய்வு இல்லாமல் கல்லூரி நிர்வாகமே நிரப்பும் இடம், வாங்கித் தருவதாக மறுபடியும் உங்கள் வாசலுக்கு வருவார், அப்போதும் கமிஷன் கிடைக்கும். அந்தப் பெண்ணுக்கோ இதில் காலணா லாபம் இல்லை.

நான் வடசென்னை அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு மாடிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம், "பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாளுக்குத் திரும்பிப் போக முடிந்தால் உனக்கு நீயே என்ன சொல்லிக்கொள்வாய்?" என்று கேட்பது என் வழக்கம். இன்னும் நன்றாகப் படித்திருப்பேன் என்று சொல்பவர்கள் குறைவு. இருந்த பள்ளியிலேயே இருந்திருப்பேன், பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறந்திருப்பேன், சர்டிபிகேட்டில் பெயரைச் சரிபார்த்திருப்பேன் என்று பார்வைக்குச் சில்லறையாகத் தெரிகிற விஷயங்களைத்தான் சொல்கிறார்கள். அந்தச் சில்லறைக்குள் எத்தனை லட்சம் இருக்கிறது என்பது கல்லூரிக் கட்டண ரசீதைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கே தெரிகிறது.

முதலில் பள்ளியை மாற்றும் விஷயம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட பிற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு இடங்கள் தனியே ஒதுக்கப்படுகின்றன. அந்த ஒதுக்கீட்டின்கீழ் கலந்தாய்வில் பொறியியல் இடம் பெறும் மாணவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது; தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் அப்படித்தான். மாநகராட்சிப் பள்ளியும் இந்த ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி அரசுப் பள்ளியே. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணினால் ஏழு வகுப்புகள். உங்கள் மகன் ஐந்தை முடித்துவிட்டான். இப்போது மாற்றினால் அந்த ஐந்தும் கணக்கில் வராது. ஐந்து ஆண்டுக்கு ஏற்றபடி ஏதோ ஒரு பங்கு சலுகை என்றெல்லாம் கிடையாது, மொத்தமும் போய்விடும். உங்கள் அக்கா மகள் சொல்லும் தப்பு இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் அந்த மனிதர் உங்களிடம் ஒரு விதிவிலக்கைச் சொல்லக்கூடும். பாதி தெரிந்தவர்கள் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். "தனியார் பள்ளியில் படித்த பிள்ளைக்கும் 7.5 கிடைத்திருக்கிறது, நானே பார்த்தேன்" என்பார். உண்மைதான், கிடைத்திருக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் கட்டணமின்றித் தனியார் பள்ளியில் சேர்க்கப்பட்ட ஏழைப் பிள்ளைகள், அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுவதால் ஒன்பதில் தெருவில் நிற்க நேர்கிறது. அவர்கள் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால், ஆறு முதல் எட்டு வரை தனியார் பள்ளியில் இருந்த காலத்தையும் அரசுப் பள்ளிக் காலமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த விலக்கு தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கு மட்டுமே உரியது. அரசுப் பள்ளியை விட்டுத் தனியார் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு உரியதன்று. சொந்தக் காசில் கட்டணம் கட்டிப் படித்த பிள்ளைக்கும் அது பொருந்தாது. ஒருவருக்குக் கிடைத்ததைக் காட்டி, அதற்கு நேர் எதிரான திசையில் போகும் உங்கள் மகனுக்கும் கிடைக்கும் என்று சொல்வது அறியாமையாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம்.

அரசு உதவிபெறும் பள்ளிக்கும் மாற்ற வேண்டாம். வண்ணாரப்பேட்டையிலும் இராயபுரத்திலும் பெயர்பெற்ற பழைய உதவிபெறும் பள்ளிகள் இருக்கின்றன, நல்ல பள்ளிகள்தாம். ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம் கொடுப்பதால் அவையும் அரசுப் பள்ளிகளே என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். 7.5 விழுக்காட்டுக்கு அவை அரசுப் பள்ளிகள் ஆகா. இதில் குழப்பத்தைக் கூட்டுவது அரசேதான்: கல்லூரி மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் உதவிபெறும் பள்ளியின் தமிழ்வழி மாணவர்களையும் சேர்த்துக்கொண்டது, 7.5 விழுக்காட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரே தெருவில் இருக்கும் ஒரே பள்ளி ஒரு திட்டத்துக்கு உள்ளேயும் இன்னொரு திட்டத்துக்கு வெளியேயும் நிற்கிறது; இதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் போட அரசுக்கு மனம் வரவில்லை, அந்த வேலையைத் தரகர்கள் தங்கள் வசதிக்கேற்பச் செய்துகொள்கிறார்கள். உங்கள் மகன் இருக்கும் பள்ளியிலேயே தொடர்ந்தால் அந்த 1,000 ரூபாயும் வரும்.

அடுத்தது நுழைவுத்தேர்வு என்ற பூச்சாண்டி. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. ஆகியவற்றுக்குத்தான் ஜே.இ.இ. வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத் துறைக் கல்லூரிகள் உட்பட, மாநிலக் கலந்தாய்வில் வரும் பொறியியல் இடங்களுக்கு 2007 முதல் நுழைவுத்தேர்வே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தின் 100 மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, இயற்பியலையும் வேதியியலையும் தலா 50 ஆகச் சுருக்கி, 200க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். ஒரு பிள்ளை கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 வாங்கினால், 92, 42, 44 என்று கூட்டி 178 ஆகும். கணிதத்தில் ஒரு மதிப்பெண் போனால் கட்-ஆஃபில் ஒன்று போகும், மற்ற இரண்டில் போனால் அரைதான் போகும். தமிழ், ஆங்கிலம், கணினி அறிவியல் மதிப்பெண்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. எனவே கணிதம், இயற்பியல், வேதியியல் உள்ள பிரிவு எதுவாயினும் போதும். நான்காவது பாடம் உயிரியலா கணினியா என்று வீட்டில் சண்டை வேண்டாம்.

இனி, அந்தக் கணக்குப் புத்தகம். சென்ற ஆண்டு பொறியியல் முதலாண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான்; தனியார் பள்ளியில் படித்தவன், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் 94. முதல் செமஸ்டர் கணிதத்தில், பிள்ளைகள் எம்-ஒன் என்று சொல்கிற தாளில், அரியர் விழுந்திருந்தது. அவனுடைய பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தின் இரண்டாம் தொகுதியை எடுத்து வரச் சொன்னேன். அட்டை போட்டுப் பெயர் எழுதிய புத்தகம். உள்ளே ஒரு பென்சில் கோடு இல்லை, தாள்களைப் பிரித்தால் கடையில் வாங்கிய புது வாசனை வந்தது. எல்லையும் தொடர்ச்சியும், வகையீடு, தொகையீடு எல்லாம் அந்தத் தொகுதியில்தான் இருக்கின்றன. கல்லூரியில் பேராசிரியர் அவை தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் முதல் வகுப்பையே தொடங்குகிறார். அவன் பள்ளியிலோ பதினொன்றாம் வகுப்பின் பாதியிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்து, அடுத்த ஒன்றரை ஆண்டும் அதையே திரும்பத் திரும்ப எழுத வைத்திருக்கிறார்கள். அந்த 94 அப்படி வந்தது. அரியரும் அப்படியே வந்தது.

இந்தப் பழக்கத்தை நிறுத்தத்தான் 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். பிள்ளைகளுக்கு மன அழுத்தம் என்று 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். அழுத்தம் குறைந்தது சரி. பதினொன்றாம் வகுப்புப் பாடம் நடக்கிறதா என்று இனிப் பார்ப்பது யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. எந்தப் பள்ளியாக இருந்தாலும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். உங்களுக்குக் கணிதம் தெரிய வேண்டியதில்லை: மாதம் ஒருமுறை மகனின் புத்தகத்தையும் நோட்டையும் வாங்கி, எந்தப் பாடம் வரை கணக்குகள் போடப்பட்டிருக்கின்றன என்று பக்கத்தைப் புரட்டினால் போதும். வருடக் கடைசிக்குள் இரண்டு தொகுதிகளும் கசங்கியிருக்க வேண்டும்.

தமிழ்வழியில் படிக்கிறான் என்றால், கணித, இயற்பியல் சொற்களுக்கு நேரான ஆங்கிலச் சொற்களைத் தனி நோட்டில் அவனே எழுதி வரட்டும். என்னிடம் வரும் தமிழ்வழிப் பிள்ளைகள் கல்லூரியில் முதல் மூன்று மாதம் தடுமாறுவது பாடம் புரியாமல் அன்று, பேராசிரியர் சொல்லும் பெயர் புரியாமல்தான். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

இப்போது பணம் வாங்கியவர். தனியார் பள்ளிகள் எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதை நிர்ணயிக்க 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குழு இருக்கிறது. குழு சொன்ன தொகைக்கு ரசீது கொடுத்துவிட்டு, பயிற்சிக் கட்டணம், நன்கொடை என்று மீதியைத் துண்டுச்சீட்டில் எழுதித் தரும் பள்ளிகளுக்குத்தான் தரகர்கள் தேவைப்படுகிறார்கள். கல்லூரி நிர்வாக ஒதுக்கீட்டிலும் இதே கதை. தலைக்கட்டணம், அதாவது இடம் தருவதற்காகக் கட்டணத்துக்கு மேல் கேட்கும் பணம், வாங்குவதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது, ஆகவே அதற்கு ரசீது வராது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைக்கு 7.5 விழுக்காட்டுச் சலுகையும் இல்லை, குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் படிக்கும் பிள்ளைக்குரிய முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை. இதைத் தரகர் ஒருவரும் வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளை பிடிக்காமல் வெளியே வர நினைத்தால் அசல் சான்றிதழ்களைக் கொடுக்காமல் இழுத்தடிப்பார்கள். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருந்தும், என் மாணவி ஒருத்தியின் சான்றிதழை மீட்க அவள் தந்தை ஒரு கல்லூரிக்குப் பதினோரு முறை பஸ் ஏறினார்.

முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தாலுகா அலுவலக வாசலில் நிற்பவரிடம் கொடுக்க வேண்டாம். விண்ணப்பிக்கும் முன், மகனின் பெயரும் தலைப்பெழுத்தும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் மூன்றிலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று பாருங்கள். அரசின் கணினியில் அவனுக்கு ஆறாம் வகுப்பிலிருந்தே ஓர் எண் இருந்தாலும், ஓர் எழுத்து மாறியிருந்தால் அலையப்போவது கணினி அன்று, நீங்கள்தான்.

பள்ளியில் மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தால் நாளைக்கே தலைமையாசிரியரைப் பார்த்து, மகன் இங்கேயே பதினொன்றில் சேர்கிறான் என்று எழுதிக் கொடுங்கள். 5,000 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள், அதை மீட்பதாக நினைத்து மீதித் தொகையையும் கட்டிவிடாதீர்கள். அவர் வாங்கிச் சென்றது இணையத்தில் இறக்கிய தற்காலிக மதிப்பெண் பட்டியல் என்றால் அதற்காக அவர் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை, இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். அசல் பட்டியல் பள்ளிக்கு வந்ததும் மகனையே அனுப்பிக் கையெழுத்திட்டு வாங்கச் சொல்லி, பீரோவில் வையுங்கள்.