பிரிட்டனில் நாயோடு ஊர் சுற்றும்போது நல்ல நடைபாதை, கடற்கரை, பப் எப்படிக் கண்டுபிடிப்பது?

எந்த மாதம் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், இடத்தை அப்புறம் பார்க்கலாம். கோடையில் எங்கள் லாப்ரடாரைத் துரத்திவிடும் அதே கடற்கரை, அக்டோபர் பிறந்ததும் அதை வரவேற்கும்.

பிரிட்டனின் பல கடற்கரைகளில் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை நாய்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. விதி ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் நாள் முழுக்கத் தடை, சில இடங்களில் பகலில் மட்டும். அங்கே காலையிலும் மாலையிலும் தாராளமாகப் போகலாம். தடை பெரும்பாலும் கூட்டம் சேரும் பகுதிக்குத்தான், கொஞ்சம் தள்ளி நடந்தால் அனுமதி இருக்கும். பயண இணையதளப் பட்டியல்களில் இந்த நுணுக்கம் இருக்காது. அந்த ஊர் கவுன்சிலின் தளத்தைப் பாருங்கள், போய் இறங்கியதும் கார் நிறுத்துமிடத்தில் இருக்கும் பலகையையும் படியுங்கள். கோடையில்தான் போக முடியும் என்றால் என் ஓட்டு வடக்கே, நார்தம்பர்லாண்டுக்கு. பாம்பரோ கோட்டைக்குக் கீழே விரிந்து கிடக்கும் மணலில் நாய் ஓடுவதைப் பார்ப்பதே தனி சுகம். அதற்குச் சற்றுத் தெற்கே பீட்னெல் பக்கம் லாங் நானியில் ஆலா என்ற கடற்பறவைகள் முட்டையிடும் காலத்தில் மட்டும் கயிற்றை விடாதீர்கள். எங்கே போனாலும் கடல் நீர் ஏறி இறங்கும் ஓத நேரம் பாருங்கள், குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். தாகத்தில் கடல் நீரைக் குடித்தால் வாந்திதான்.

நடைபாதைக்கு பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்புளோரர் வரைபடம் போதும். பச்சைக் கோடுகள்தான் பொதுப் பாதைகள். ஆனால் வேலியைத் தாண்டும் மரப்படிகள் எங்கே என்று அதில் தெரியாது, முப்பது கிலோ நாயை வேலிக்கு மேலே தூக்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும். அதனால் எனக்குப் பிடித்தவை பழைய ரயில் தடங்கள்: கார்ன்வாலில் கேமல் டிரெயில், பீக் டிஸ்ட்ரிக்ட்டில் மான்சல் டிரெயில். சமதளம், படி ஏறும் வேலை இல்லை. சைக்கிள்கள்தான் தொல்லை. இங்கிலாந்தின் திறந்தவெளி மேடுகளில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இரண்டு மீட்டருக்கு மேல் நீளாத கயிற்றில்தான் நாய் வர வேண்டும், பறவைகள் தரையில் கூடு கட்டும் காலம் அது. மாடுகள் துரத்தினால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள். அவை குறிவைப்பது நாயைத்தான், அது ஓடித் தப்பித்துவிடும்.

பப் விஷயத்தில் ஒரு போன் போதும். உணவு தயாரிக்கும் இடத்துக்குள் நாய் வரக் கூடாது, மற்றபடி உள்ளே விடுவதும் விடாததும் உரிமையாளர் இஷ்டம். "நாய் வரலாமா?" என்று மட்டும் கேட்டால் "ஓ, வரலாமே" என்பார்கள், போய்ப் பார்த்தால் மழையில் தோட்டத்து பெஞ்சைக் காட்டுவார்கள். "இரவுச் சாப்பாட்டுக்கு உள்ளே, நாயோடு மேசை கிடைக்குமா?" என்று கேளுங்கள். பல இடங்களில் பாரில் விடுவார்கள், டைனிங் ரூமில் விடமாட்டார்கள். பாரிலும் அதே மெனு கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பிற்பகலில் சமையலறையை மூடிவிடும் பப்கள் நிறைய உண்டு, நடை முடிந்து பசியோடு போய் நின்றால் சிப்ஸ் பாக்கெட்தான்.

கார் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். ரயிலில் ஒரு பயணி இரண்டு நாய்கள் வரை இலவசமாகக் கூட்டிப் போகலாம். இருக்கையில் மட்டும் ஏற்றக் கூடாது.