பாட்டியின் சுங்குடியைச் சுவரில் மாட்டலாமா?

செல்லூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பாட்டி கட்டிய இரண்டு சுங்குடிச் சேலைகள் பீரோவில் இருக்கின்றன. ஒன்று நல்ல நிலையில், இன்னொன்று கொசுவப் பக்கம் கிழிந்து. ஹால் சுவருக்கு ஐந்தடி உயரமுள்ள ஒரு துணிக் கலைப்படைப்பு செய்ய ஆசை. பிரேம் கடைக்காரர், "பிளைவுட்ல ஒட்டிருவோம், சுருக்கமே இருக்காது" என்கிறாராம். ஒட்டலாமா, துவைக்கலாமா, வெட்டலாமா என்று கேட்கிறார்.

ஒட்டவே வேண்டாம். துணிக் கலைப்படைப்பு செய்யும் தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு முந்தியைப் பசை தடவி ஒட்டினேன். மூன்று வருஷத்தில் பசை பழுப்பேறித் துணியின் முகத்துக்கு வந்துவிட்டது. அதைப் பிரித்தெடுக்கப் பார்த்தபோது நூல்தான் கையோடு வந்தது.

துவைப்பதற்கு முன்னால் புள்ளியைத் தடவிப் பாருங்கள். கையால் முடிச்சிட்ட சுங்குடி என்றால், ஒவ்வொரு புள்ளியும் நகத்தால் கிள்ளித் தூக்கி நூலால் சுற்றிக் கட்டியது. சாயத்தில் முக்கி அவிழ்க்கும்போது, கட்டிய இடம் நிறம் ஏறாமல் சின்ன வளையமாக நிற்கும். நடுவில் ஒரு பொட்டு இருக்கும், துணியும் அங்கே கூம்பாகப் புடைத்திருக்கும். எந்த இரண்டு வளையமும் ஒன்றுபோல இராது. அச்சடித்ததில் எல்லாம் ஒரே அச்சு. பெரும்பாலும் பின்பக்கம் வெளிறியிருக்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் கடையில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி இன்றைக்கு மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும்தான்.

புடைப்பு இன்னும் இருந்தால் தண்ணீர் காட்டாதீர்கள், இஸ்திரிப் பெட்டி பக்கமே போகாதீர்கள். பருத்தி, நனைந்தால் மடிப்பை மறந்துவிடும். பாட்டி தினமும் கட்டித் துவைத்த சேலையில் புடைப்பு எப்போதோ போயிருக்கும். அப்படியானால் துவைத்தே ஆக வேண்டும், காரணம் கஞ்சி. ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சிதான் விருந்து. முதலில் ஈரமான வெள்ளைத் துணியை ஓர் ஓரத்தில் ஐந்து நிமிஷம் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அத்தோடு நிறுத்துங்கள். ஒட்டாவிட்டால் பச்சைத் தண்ணீரில் அலசி, பிழியாமல், நிழலில் பரப்பிக் காயவிடுங்கள்.

நல்ல சேலையை வெட்ட எனக்கு மனசு வராது, வெட்டத் தேவையும் இல்லை. சேலையின் அகலம் ஏறக்குறைய நாலடி. அதைவிடச் சற்று நீளமான பிவிசி பைப் ஒன்றில், துவைத்துக் கஞ்சி நீக்கிய காடாத் துணியைச் சுற்றித் தைத்துவிடுங்கள். அதன்மேல் சேலையைச் சுருட்டி, ஐந்தடி மட்டும் கீழே தொங்க விடுங்கள். சேலையில் பாவு நூல் நீளவாக்கில் ஓடுவதால் எடையைப் பாவே தாங்கும். ஜரிகைக் கரை உடலைவிடக் கனம், அதனால் ஓரத்தில் லேசாக அலை எழும். அதை இழுத்து நேராக்க நினைக்காதீர்கள். சித்திரையில் முந்தி, ஐப்பசியில் உடல் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுருளைத் தளர்த்தி வேறு பகுதியைக் காட்டலாம். வெளிச்சத்தில் வெளுத்த சாயம் திரும்பி வராது. மாற்றி மாற்றிக் காட்டினால் எந்தப் பகுதியும் முழு அடியை வாங்காது. மேற்கு வெயில் விழும் சுவர் மட்டும் கூடவே கூடாது.

கிழிந்த சேலையில் துணிந்து கை வைக்கலாம். கிழிசலை மறைக்க வேண்டாம். அடியில் அதே நிறப் பழைய பருத்தியை வைத்து, கிழிந்த விளிம்பைச் சுற்றி நெருக்கமில்லாத ஓட்டுத் தையல் போடுங்கள். பக்கத்திலேயே புதிதாக முடிச்சிட்ட துணி ஒன்றைச் சேருங்கள். கட்டித் தருபவரிடம், "பாதி முடிச்ச அவுக்காமக் குடுங்க" என்று சொல்லி வாங்குங்கள். ஜப்பானில் ஷிபோரி என்ற, துணியைக் கட்டிச் சாயமேற்றும் கலையைச் செய்யும் இன்றைய கலைஞர்கள் பலர் முடிச்சின் புடைப்பையே படைப்பாக்குகிறார்கள். மதுரையில் சுங்குடி கட்டும் நம் சௌராஷ்டிரப் பெண்களின் முடிச்சுக்கும் அந்த அழகு உண்டு, நாம்தான் அவிழ்த்து இஸ்திரி போட்டுவிடுகிறோம். பாட்டியின் தட்டையான புள்ளி ஒரு பக்கம், அவிழாத முடிச்சு மறுபக்கம். நடுவில் அந்தக் கிழிசல் இருக்கட்டும்.