சங்குப்பூத் தண்ணீர்

கேள்வி: ஐந்து வயதுப் பேரன் லீவுக்கு வந்திருக்கிறான். செல்போனைக் கீழே வைக்கமாட்டேன் என்கிறான். செலவில்லாத அறிவியல் விளையாட்டு ஏதாவது சொல்லுங்களேன், டீச்சர். (ஒரு பாட்டி, தேனி)

பதில்: வேலியில் நீலச் சங்குப்பூ இருக்கிறதா அம்மா? பத்துப் பூ பறித்துவரச் சொல்லுங்கள். பறிப்பதே பாதி விளையாட்டு. சுடுதண்ணீரை மட்டும் நீங்கள் ஊற்றுங்கள். அஞ்சு நிமிஷத்தில் மை மாதிரி நீலம் இறங்கும். ஆறியதும் மூன்று டம்ளரில் பிரியுங்கள். ஒன்றில் எலுமிச்சையைச் சொட்டுச் சொட்டாகப் பிழியட்டும்: ஊதாவாகும், இன்னும் பிழிந்தால் ரோஸ். அடுத்ததில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா: பச்சை தட்டும். மூன்றாவது சும்மா, ஒப்பிட்டுப் பார்க்க. பூவிலுள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி செய்கிற வேலை இது. பெயரெல்லாம் அவனுக்கு இப்போது வேண்டாம்.

என் பேத்தி எலுமிச்சை டம்ளரில் ஒரு ஸ்பூன் சோடாவைக் கொட்டிவிட்டாள். புஸ்ஸென்று பொங்கி மேசைவிரிப்பு பாழ். அவளுக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது! பழைய துணி விரித்துவையுங்கள்.