ஆவடி ட்யூப் கம்பெனியின் வரலாறு என்ன? ராமேஸ்வரம் பக்கம் அவர்கள் குழாய் துருப்பிடிக்காமல் நிற்குமா?

தங்கச்சிமடத்தில் கொட்டகை போடப் போகிறவர் கேட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன். "எழுபது வருஷக் கம்பெனி, உப்புக்காற்றைத் தாங்காதா? இந்தத் தண்ணியில்லாக் காட்டில் வேறு எதை நம்புவது?" என்பது கேள்வியின் சாரம். கம்பெனிக்கு எத்தனை வயதானாலும் குழாயின் ஆயுள் அதன் மேலிருக்கும் துத்தநாகத்தில்தான் இருக்கிறது.

முதலில் வரலாறு. ஆவடி ஆலையை நடத்தும் கம்பெனிக்கு ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்பது இங்கிலாந்திலிருந்து வந்த பெயர். பர்மிங்ஹாம் பக்கத்துக் குழாய்க் கம்பெனிகள் சில 1919-இல் ஒன்றுசேர்ந்தபோது வைத்தது. நம் பக்கத்துக் கதை காரைக்குடி அருகே பள்ளத்தூரில் தொடங்குகிறது. 1900-இல் பர்மாவின் மோல்மேனில் லேவாதேவி தொடங்கிய ஏ.எம். முருகப்பச் செட்டியாரின் குடும்பம், முப்பதுகளில் போட்ட மூலதனத்தை அங்கிருந்து எடுத்து இங்கே தொழிலில் போட்டது. 1949-இல் அந்த இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டு சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது, 1951-இல் முதல் ஹெர்குலிஸ் சைக்கிள். சைக்கிளின் உடம்பே குழாய்தான். குழாய்க்காக எத்தனை நாள் கப்பலை எதிர்பார்ப்பது? 1955-இல் ஆவடியில் ட்யூப் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா எழுந்தது. 1959-இல் சைக்கிளும் குழாயும் ஒரே கம்பெனியாகி ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் ஆஃப் இந்தியா ஆயிற்று. அந்தக் காலத்து இங்கிலாந்துத் தலைவர் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு பெயரில் அம்பத்தூரில் ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது.

பங்குச் சந்தைக்காரர்கள் சண்டைக்கு வருவதற்கு முன்: ஆமாம், 2017-இல் பிரித்தார்கள். உற்பத்தித் தொழில் புதிய கம்பெனிக்குப் போய், அது பழைய பெயரை வாங்கிக்கொண்டது. பழைய கம்பெனி இன்று வேறு பெயரில் நிதிக் கம்பெனியாக இருக்கிறது. காகிதக் கணக்கில் வயது குறையலாம், ஆவடி ஆலைக்குக் குறையாது. பள்ளத்தூர் சிவகங்கை மாவட்டமாயிற்றே, அது எப்படி நம் பக்கம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 1985 வரை அது ராமநாதபுரம் மாவட்டம்தான்.

இப்போது முக்கியமான குழப்பத்துக்கு வருகிறேன். ட்யூப் வேறு, பைப் வேறு. தண்ணீர் பைப்பை உள்துவாரக் கணக்கில் சொல்வோம்: அரை இன்ச், ஒரு இன்ச். ட்யூபை வெளிவிட்டமும் சுவர்க் கனமும் சொல்லி வாங்குவார்கள். ஆவடிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இந்தத் துல்லிய ட்யூப். தகட்டுச் சுருளை அகலவாரியாகக் கிழித்து, உருளைகளுக்கிடையே விட்டு வட்டமாக வளைத்து, ஓரங்களை மின்சாரச் சூட்டில் அமுக்கி ஒட்டினால் இ.ஆர்.டபிள்யூ. ட்யூப். அதையே மறுபடி காய்ச்சிப் பதப்படுத்தி, அமிலத்தில் கழுவி, பாஸ்பேட்டும் சோப்பும் பூசி, வெளியே டை என்ற அச்சு, உள்ளே மேண்ட்ரல் என்ற தண்டு என்று வைத்துச் சூடாக்காமலே இழுத்தால் சி.டி.டபிள்யூ. இழுத்ததும் சுவர் ஒரே கனத்துக்கு வந்து உள்பக்கம் கண்ணாடியாகிவிடும். ஷாக் அப்சார்பருக்கும் வண்டியின் முன் ஃபோர்க்குக்கும் கேட்பது அதைத்தான். ஆனால் அதன் மேல் இருப்பது வெறும் எண்ணெய்ப் பூச்சு. பாம்பனில் இறக்கி வெளியே வைத்தால் ஒரே வாரத்தில் செம்மண் நிறம். அது கம்பெனியின் குறையல்ல, அந்தச் சரக்கு கொட்டகைக்குச் செய்ததே இல்லை.

கொட்டகைக்கு வேண்டியது துத்தநாக முலாம் போட்ட குழாய். அதிலும் இரண்டு வகை, கடையில் இரண்டும் ஒரே மாதிரி மினுமினுக்கும். முலாம் பூசிய தகட்டை வளைத்துச் செய்வது ஜி.பி. சதுரமீட்டருக்கு 120 கிராம் துத்தநாகம் என்பது இதில் சகஜம். அது இரண்டு பக்கமும் சேர்த்த கணக்கு, ஒரு பக்கத்துக்கு எட்டு மைக்ரான்தான் (ஒரு மில்லியில் ஆயிரம் மைக்ரான்). ஒட்டிய தையலில் துத்தநாகம் எரிந்துபோயிருக்கும், அங்கே தெளித்துச் சரிக்கட்டியிருப்பார்கள். குழாயாகச் செய்த பிறகு 450 டிகிரித் துத்தநாகத் தொட்டியில் முக்குவது ஜி.ஐ. ஒரு பக்கத்திலேயே சதுரமீட்டருக்கு 400 கிராம் பிடித்தால் 56 மைக்ரான்.

கடுமையான கடலோரக் காற்றில் துத்தநாகம் வருஷத்துக்கு 4 முதல் 8 மைக்ரான் வரை தேயும் என்பது உலகத் தரக் கணக்கு. ஜி.பி.க்கு ஒன்றிரண்டு வருஷம், ஜி.ஐ.க்கு ஏழு முதல் பதினாலு வருஷம் என்று நீங்களே போட்டுக்கொள்ளலாம். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆண்கடல் (தெற்கே மன்னார் வளைகுடா) பக்கம் நுரைத் துளியே நேராக வந்து படியும். அங்கே குறைந்த வருஷக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். நம்பாதவர்களுக்கு: காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் உலோகத் துண்டுகளை வெயிலிலும் உப்புக்காற்றிலும் போட்டுச் சோதிக்கத் தேர்ந்தெடுத்த இடம் நம் மண்டபம்தான்.

மரை வெட்டிப் பொருத்தும் பைப் என்றால் இன்னொரு கணக்கு. சுவர்க் கனத்தை வைத்து ஏ, பி, சி கிளாஸ் என்று பிரிப்பார்கள், ஏ மெல்லியது. ஒரு இன்ச் பி கிளாஸ் பைப்பின் சுவர் 3.2 மில்லி. மரையின் ஆழம் கிட்டத்தட்ட 1.5 மில்லி. மிஞ்சுவது 1.7, அதுவும் முலாம் போன வெறும் இரும்பு. ஏ கிளாஸ் 2.6 மில்லி, அதில் மிஞ்சுவது 1.1. பைப் எப்போதும் சாக்கெட் வாயில் ஒடிவதற்குக் காரணம் இதுதான். பைப்பில் அடித்திருக்கும் பட்டையைப் பாருங்கள்: மஞ்சள் ஏ, நீலம் பி, சிவப்பு சி. கடலோரத்தில் மஞ்சளைத் தொடாதீர்கள். உவர் போர்வெல்லுக்குள் இறக்க இரும்பே வேண்டாம், பிளாஸ்டிக் போதும்.

வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் இருக்காது. இரண்டு பக்கமும் இரண்டு இன்ச்சுக்குக் கருகலைத் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு ஜிங்க் ரிச் ப்ரைமர் (துத்தநாகம் மிகுந்த அடிப்பூச்சு) இரண்டு கை. வெள்ளிப் பெயிண்ட் அடித்தால் பார்வைக்கு மூடும், துரு உள்ளே வேலை பார்க்கும். கால்களில் முதலில் அரிப்பது கான்கிரீட்டை விட்டு வெளியே வரும் அந்த ஒரு விரற்கடை. தரைக்கு மேல் அரை அடி கான்கிரீட்டை உயர்த்தி, தண்ணீர் நிற்காமல் சரிவு கொடுக்கச் சொல்லுங்கள். அதில் கடல் மணலும் உவர் தண்ணீரும் கூடாது.

கேள்வியில் வந்த "தண்ணியில்லாக் காடு" பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வேலையில் சறுக்கியவனை ராமநாதபுரத்துக்கு மாற்றுவேன் என்று மிரட்டும் வழக்கம் எங்கிருந்தோ வந்தது, நாமும் அதையே சொல்லித் திரிகிறோம். தண்டனை என்று வருகிறவர் வந்த அன்றே திரும்பிப் போகும் மாறுதலுக்கு மனு எழுதுவார். கடலோரத்துக்கென்று தனிக் குழாய்க் கணக்கை அவரா போடப் போகிறார்? மதுரைக்குப் போட்ட எஸ்டிமேட்டில் ஊர் பெயரை மட்டும் மாற்றினால் மஞ்சள் பட்டைதான் வந்து இறங்கும்.

சரி, கடைக்குப் போனால் பட்டையை மட்டும் நம்பாதீர்கள், பெயிண்ட் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஒரு முழு நீளம், அதாவது 6 மீட்டர், தராசில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு இன்ச் பி கிளாஸ் ஜி.ஐ. பதினைந்து கிலோவை ஒட்டி வர வேண்டும். பதின்மூன்றரைக்குக் கீழே போனால் வாங்க வேண்டாம்.