மாத்திரை ஏன் கேட்கவில்லை?

ஆன்டிபயாடிக் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை இருக்கிறது. இந்த வருஷம் மூன்றாவது முறை நீர்க்கடுப்பு. போன முறை கேட்ட மாத்திரை இப்போது கேட்கவில்லை. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதா?

உடம்பு பழகுவதில்லை, மாறுவது கிருமிதான். ஒவ்வொரு முறை மாத்திரை போடும்போதும் அதற்குச் சாகிறவை செத்துப்போய், தாக்குப்பிடிக்கிறவை மிஞ்சிப் பெருகுகின்றன, அதோடு நிற்காமல் அந்த எதிர்ப்புக்கான மரபணுவைப் பக்கத்தில் இருக்கும் வேறு கிருமிகளுக்கும் கொடுத்துவிடுகின்றன. நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் குடலில் இருக்கும் ஈ.கோலை என்ற கிருமி. நம் நாட்டில் சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின் எல்லாம் அதற்குப் பலரிடம் வேலை செய்வதே இல்லை.

அதனால் இந்த முறை யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனை, செய்யச் சொல்லி நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். முதலில் மாதிரி, அப்புறம்தான் மாத்திரை. ஒரு வேளை போட்டுவிட்டுக் கொடுத்தாலே கிருமி வளராமல் ரிப்போர்ட் சுத்தமாக வந்துவிடலாம். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதை லேபில் தரும் டப்பாவில் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் கழுவி வைத்த பாட்டில் கூடாது. இரண்டு மூன்று நாளில் வரும் ரிப்போர்ட்டில் மருந்தின் பெயருக்கு எதிரே எஸ் என்றிருந்தால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் போன்ற பழைய மருந்துகள் இன்னும் பலருக்குக் கேட்கின்றன, அம்மாவின் கிட்னி நிலையைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி என்றால் மட்டும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சளி, தொண்டை வலிக்கு மெடிக்கலில் அசித்ரோமைசின் மூன்று மாத்திரை வாங்கிப் போட்டால் சரியாகிவிடுகிறதே?

போடாமல் இருந்தாலும் பெரும்பாலும் சரியாகியிருக்கும். சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக்குக்கும் வைரஸுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அந்த மூன்று மாத்திரையும் உங்கள் குடலில் உள்ள கிருமிகளைப் பழக்கிவிட்டுத்தான் போகும். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-ல் பரவத் தொடங்கிய, பல மருந்துகளுக்குக் கேட்காத டைபாய்டுக்கு, வாயால் சாப்பிடும் மருந்துகளில் மிஞ்சியது இந்த அசித்ரோமைசின் ஒன்றுதான். அப்படிப்பட்ட மருந்தைத் தும்மலுக்குப் போட்டுத் தீர்க்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள், கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடலாமா, கோர்ஸை முடித்தே ஆகவேண்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். அதே சமயம், கூடுதல் நாள் போட்டால் கூடுதல் நல்லது என்பதும் இல்லை. சாதாரண நிமோனியாவுக்குக்கூடப் பலருக்கு 5 நாள் போதும் என்று இப்போது ஆகிவிட்டது. சீட்டு எழுதும்போதே எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். காசநோய் வேறு கதை, அதில் ஒரு நாள்கூட விடக்கூடாது. மிச்ச மாத்திரையை அலமாரியில் வைத்திருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதை தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஐசியுவில் அப்பாவுக்கு மெரோபெனம் கேட்கவில்லை, கொலிஸ்டின் போடுகிறோம் என்றார்கள். அது என்ன மருந்து?

1950-களில் வந்த மருந்து. கிட்னியைப் பாதிக்கிறது என்று ஓரங்கட்டி வைத்திருந்ததை, கடுமையான தொற்றுக்குப் போடும் மெரோபெனம் ஊசியும் கைவிட்டபோது வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்தார்கள். அதனால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை அப்பாவுக்குத் தினமும் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். பார்க்கப் போகும்போது உள்ளே நுழையும் முன்னும் வெளியே வந்ததும் கையைச் சுத்தம் செய்யுங்கள். ஐசியு கிருமிகள் பெரும்பாலும் கை வழியாகத்தான் ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகின்றன. மருந்துக்குக் கேட்காத கிருமிகளே நேரடிக் காரணமாக 2019-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பிராய்லர் கோழியில் ஆன்டிபயாடிக் இருக்கிறது என்கிறார்களே, சாப்பிடலாமா?

சாப்பிடலாம். ஆனால் பயத்துக்குக் காரணம் உண்டு. மேலே சொன்ன அதே கொலிஸ்டினைக் கோழி சீக்கிரம் வளரத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2015-ல் சீனாவில், கொலிஸ்டினை எதிர்க்கும் மரபணு பன்றிகளிடமும் இறைச்சியிலும் மனிதர்களிடமும் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2019-ல் இந்தியா கால்நடைகளுக்கும் கோழிக்கும் அதைத் தடை செய்தது. நன்றாக வேகவைத்தால் எந்த எதிர்ப்புக் கிருமியும் செத்துவிடும். ஆபத்து பச்சைக் கறியில்தான்: கோழி நறுக்கிய பலகையிலேயே வெங்காயம், தக்காளி நறுக்காதீர்கள், கறியைக் குழாய்த் தண்ணீரில் வேகமாக அலசிச் சுற்றிலும் தெறிக்க விடாதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த வேலையைத் தொடுங்கள்.