லண்டன் தண்ணீரில் வேகாத பருப்பு

தம்பி, நேற்று குன்னூர் மார்க்கெட்டில் உன் அம்மாவைப் பார்த்தேன். லண்டன் போய்ச் சேர்ந்த மூன்றே வாரத்தில் நீ கேட்டனுப்பியிருந்த கேள்விகளையெல்லாம் காய்கறிக் கடை வாசலில் நின்றே சொல்லி முடித்தார். வங்கிக் கணக்கு, பகுதி நேர வேலை எல்லாம் உன் கல்லூரியிலேயே கேட்டுக்கொள். குளிரைப் பற்றி ஒரு குன்னூர்க்காரனுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறாய்: "கெட்டிலுக்குள் வெள்ளையாக ஓடு கட்டுகிறது, டீயின் மேல் படலம் மிதக்கிறது, தலைமுடி கயிறு மாதிரி ஆகிவிட்டது, இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?" அதற்குப் பதில் எழுதத்தான் விடுமுறையிலும் உட்கார்ந்திருக்கிறேன். 2004-இல் நான் அங்கே போய் இறங்கியபோது இதைச் சொல்ல எனக்கு யாரும் இல்லை.

தாராளமாகக் குடிக்கலாம். அது சுண்ணாம்பு. லண்டனுக்கு வரும் தேம்ஸ், லீ ஆறுகளுக்கு நீர் ஊறும் மண்ணுக்கடியில் சுண்ணாம்புப் பாறைதான். மழைநீர் அதில் இறங்கும்போது கால்சியத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு வருகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் இந்தச் சுண்ணாம்பின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறார்கள்; அங்கே லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல். கொதிக்க வைத்தால் கரியமில வாயு வெளியேறிவிடும், சுண்ணாம்பு கெட்டிலின் அடியில் தங்கிவிடும். சமவெளிக்காரர்கள் போர்வெல் உப்புத் தண்ணீரில் இதைப் பார்த்தே வளர்ந்தவர்கள், அவர்களுக்குப் புதிதில்லை. நமக்குத்தான் அதிர்ச்சி. நம் மலைப் பாறையில் சுண்ணாம்பு கிடையாது; குன்னூருக்கு வரும் ரேலியா அணைத் தண்ணீர் அத்தனை மென்மை. இன்று காலை அம்மாவின் கெட்டிலைத் திறந்து பார்த்தேன். 2011-இல் நான் வாங்கிக் கொடுத்தது. உள்ளே ஒரு வெள்ளைப் புள்ளி இல்லை. இங்கே சோப்புப் போட்டுக் கை கழுவினால் வழவழப்புப் போக எத்தனை நேரம் ஆகிறது! அங்கே அதே சோப்பு, தயிர் திரிந்தது போலத் திட்டுத் திட்டாகக் கையில் ஒட்டும். அதற்குத் திரவச் சோப்பு வாங்கு. வாஷிங் மெஷினுக்கான தூள் பெட்டியில் மென்னீருக்கு எவ்வளவு, கடின நீருக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். கடின நீர் அளவையே போடு.

எனக்கு முதல் அடி விழுந்தது பருப்பில்தான். பெட்டியில் எடை கூடுகிறது என்று குக்கரை விட்டுவிட்டுப் போனேன். குன்னூர் 1850 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால்தான் குக்கர் இல்லாமல் முடிவதில்லை. லண்டனில் முழு 100 டிகிரி கிடைக்கும், திறந்த பாத்திரமே போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இரவுப் பணி முடித்து வந்து அடுப்பில் வைத்த துவரம்பருப்பு, இரண்டு மணி நேரம் கழித்தும் விரலில் நசுங்காமல் வழுக்கிக்கொண்டு போனது. பருப்பின் செல்களைப் பசை போல ஒட்டி வைத்திருக்கும் பெக்டினைக் கால்சியம் பிடித்து இறுக்கிவிடுகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்று தெரியவில்லை. கடைக்காரர் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று நினைத்து, அழுதுகொண்டே ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தேன். நீ இப்படிச் செய்: தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற விடு. சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை மட்டும் இறுத்து எடு. அதில் பருப்பை ஊற வைத்து, அதே போன்ற தண்ணீரில் வேக வை. புளி கடைசியில்தான்.

கேன் தண்ணீர் வாங்கச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதே. இருபது வருடம் அங்கேயே வாழ்ந்துவிட்டு இன்னும் குழாய்த் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர். சிலர் ஷவரில் மாட்டும் வடிகட்டியை விற்கவும் செய்கிறார்கள். அந்தச் சின்னக் குப்பி குளோரினைக் குறைக்கலாம், கடினத்தைப் போக்காது. பணம் பறித்துப் புதியவர்களை ஏமாற்றுவது எனக்குப் பொறுக்கவில்லை. தலைக்குக் குளித்து முடித்ததும் ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு கரண்டி வினிகர் விட்டு அலசு, பிசுக்குப் போய்விடும். முடி கொட்டுவது தூக்கமின்மையாலும் இருக்கலாம், பழியை எல்லாம் தண்ணீர் மேல் போடாதே.

கெட்டிலுக்குச் சிட்ரிக் அமிலத் தூள். தண்ணீர் கொதித்ததும் அணைத்துவிட்டு, இரண்டு தேக்கரண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு. மொத்தமாகக் கொட்டினால் பொங்கிக் கையைச் சுட்டுவிடும். அரை மணி நேரத்தில் ஓடு கரைந்துவிடும். அமிலமோ வினிகரோ, பிளீச் திரவத்தோடு மட்டும் கலக்கவே கலக்காதே. குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

வாரம் ஒரு முறை ஷவர் கண்ணாடியைத் துடைத்துவிடு. நான் இருந்த முதல் வீட்டில், கண்ணாடியிலும் குழாயிலும் படிந்த வெள்ளையைக் காட்டி என் முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். நான் குடிவரும் முன்பே படிந்திருந்தது அது. ஒரு புகைப்படம் எடுத்து வைக்கவில்லை, வாதாட ஒன்றுமில்லை. முன்பணத்தை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் கட்ட வேண்டும் என்ற சட்டம் இங்கிலாந்தில் 2007 ஏப்ரலில்தான் வந்தது. உன் வீட்டுக்காரர் கட்டியிருக்கிறாரா என்று இன்றே கேள், குழாய் குழாயாகப் படம் எடு.

டீக்கு வருகிறேன். அந்தப் படலம் கால்சியமும் தேயிலைச் சாறும் சேர்ந்து உண்டாவது. இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் மறையும், ஆனால் பால் டீயில் எலுமிச்சை விட முடியாது. வடிகட்டி ஜாடியில் ஊற்றி வைத்த தண்ணீர்தான் அதற்கு வழி, மாதம் ஒரு முறை ஜாடிக்குள் இருக்கும் வடிகட்டியை மாற்ற வேண்டும். நம் மலையின் மணமுள்ள இலைத் தேயிலை லண்டன் தண்ணீரில் மங்கிவிடுகிறது. பல வருடம் குடித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். டஸ்ட் தேயிலைதான் அங்கே தாக்குப்பிடிக்கும். உன் அம்மா இலைத் தேயிலை இரண்டு கிலோ கட்டி வைத்திருந்தார், நான்தான் பேசி டஸ்ட்டாக மாற்ற வைத்திருக்கிறேன். 18-ஆம் தேதி கிளம்புகிறேன். பெட்டியில் இன்னும் ஒரு மூன்று லிட்டர் குக்கருக்கு இடம் இருக்கிறது, வேண்டுமென்றால் அம்மாவிடம் இன்றே சொல்லிவிடு.