பாட்டில் சாறா, பிளம்ஸ் பழமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் பிளம்ஸ் சாறு 480 ரூபாய்க்கு வாங்கினேன். 'ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது' என்றும், ஓராக் மதிப்பு என்று ஏதோ ஒரு பெரிய எண்ணும் பாட்டிலில் போட்டிருக்கிறது. என் கணவருக்குச் சர்க்கரை நோய். 'தினமும் ஒரு டம்ளர் குடித்தால் சர்க்கரை இறங்கிவிடும்' என்றார் கடைக்காரர். லேபிளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். பழத்தைவிட இது நல்லதா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் அந்தச் சாற்றைக் கணவருக்குக் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள், அம்மா. படத்தில் லேபிளின் பின்பக்கம் தெளிவாகத் தெரிகிறது: நீர், சர்க்கரை, பிளம்ஸ் கூழ், நிறமூட்டி. எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. அப்படியென்றால் நீங்கள் வாங்கியதில் பழத்தைவிடச் சர்க்கரை அதிகம். சர்க்கரை நோயாளிக்கென்று சொல்லி இதை விற்றிருப்பது எனக்கு ஆத்திரமாகவே இருக்கிறது.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்பது செல்களைச் சிதைக்கும் வேதிவினைகளைத் தடுக்கும் பொருள்; ஒரு உணவுக்கு அந்த ஆற்றல் எவ்வளவு என்று சோதனைக் குழாயில் செய்யும் அளவீடுதான் ஓராக். அமெரிக்க வேளாண் துறை உணவுகளுக்கான ஓராக் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. நிறுவனங்கள் அந்த எண்களைக் காட்டி விற்பனை செய்வதையும், அவற்றுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்பதையும் சொல்லி, 2012-இல் அந்தத் துறையே பட்டியலை விலக்கிக்கொண்டது. காரணம் எளிது. பிளம்ஸில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் பொருள்களில் சிறு பங்கைத்தான் குடல் உறிஞ்சுகிறது. அதையும் கல்லீரல் உடனே வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. மிச்சம் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்களுக்குப் போகிறது. குழாயில் நடந்தது உடம்பில் அப்படியே நடக்காது.

அதற்காகப் பிளம்ஸ் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல பழம். ஒன்றை நறுக்கிப் பாருங்கள்: தோல் கருஞ்சிவப்பு, சதை பெரும்பாலும் மஞ்சள். அந்தச் சிவப்பைத் தருகிற ஆந்தோசயனின் தோலில்தான் குவிந்திருக்கிறது; நியோகுளோரோஜெனிக் அமிலம் என்ற இன்னொரு பாலிஃபீனால் சதையிலும் உண்டு. சாறு பிழிந்து வடிகட்டும்போது தோலும் நாரும் போய்விடும். சூடாக்கி மாதக்கணக்கில் வைத்தால் நிறமும் மங்கும். உங்கள் பாட்டிலில் நிறமூட்டி எதற்கு என்று இப்போது புரியும்.

கொடைக்கானல், நீலகிரிப் பழங்கள் மே முதல் ஜூலை வரை வரும். அப்போது வாங்குங்கள். தோல்மேல் வெண்சாம்பல் படலம் இருந்தால் தயங்காதீர்கள். அது பழத்தின் இயற்கை மெழுகு, அதிகம் கைபடாத பழம் என்பதற்கு அடையாளம். காம்புப் பக்கம் லேசாக அமுங்கினால் போதும். காய்வெட்டாக இருந்தால் வெளியிலேயே வைத்துப் பழுக்கவிட்டு, பிறகு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஸ்டிக்கர் ஒட்டியது உயர்ந்தது என்று கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். நன்றாகக் கழுவித் தோலோடு சாப்பிட வேண்டும். 100 கிராமில் சுமார் 10 கிராம் சர்க்கரை இருப்பதால், கணவருக்கு எத்தனை பழம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஆந்தோசயனினுக்காகப் பிளம்ஸையே தேட வேண்டியதில்லை; நம் ஊர்த் தள்ளுவண்டியில் வரும் நாவல் பழத்தின் ஊதாவும் ஆந்தோசயனின்தான்.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். நோயைக் குணமாக்கும் என்று சொல்லி உணவுப் பொருளை விற்க அனுமதி இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

கேள்வி: உலர்ந்த பிளம்ஸ் மலச்சிக்கலுக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: உண்மை. அதிலுள்ள சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருளும் நாரும்தான் வேலை செய்கின்றன. உலர்த்தும்போது ஆந்தோசயனின் பெரும்பாலும் அழிந்துவிடும் என்பதால் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்ற பெயருக்காக விலை கூட்டிக் கொடுக்காதீர்கள். சர்க்கரைப் பாகில் ஊறியதை ஒதுக்கிவிட்டு, வெறும் பழம் மட்டும் உள்ள பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். மூன்று நான்கில் தொடங்குங்கள்; ஒரேயடியாகச் சாப்பிட்டால் வயிறு உப்பும்.